குகை ஊரும் கனியக்கா வீட்டுக் கதவும்

"அந்தக் குகைக்குள்ள கக்கூஸ் உண்டுமா, கெடையாதா? அத மொதல்ல சொல்லு."

கனியக்கா இட்லித் துணியைப் பிழிந்துகொண்டே கேட்டாள். பொழுது இன்னும் சரியாக விடியவில்லை. தாராவியில் அவள் வீட்டு வாசலில், கவிழ்த்துப் போட்ட எண்ணெய் டின் ஒன்றின்மேல் நான் உட்கார்ந்திருந்தேன். சந்துப் பெண்கள் ஐந்தாறு பேர் சுற்றி நின்றார்கள். எல்லார் கையிலும் மாவு. இட்லிக் கொப்பரையின் ஆவி என் மூக்குக் கண்ணாடியை மூடிவிட்டது. அது ஒருவகையில் நல்லதுதான். எதிரே இருக்கிற முகங்கள் தெரியவில்லை.

என் கையில் செல்போன். அதில் ஒரு படம். மலைச்சரிவு முழுக்க வீட்டின் தலையில் வீடு, அதன் தலையில் இன்னொரு வீடு. நடுவே கோணல்மாணலாகப் படிகள். எல்லாம் பழைய கல்லின் நிறம். தென் இத்தாலியில் இருக்கும் மத்தேரா என்ற ஊர் அது.

"இத்தாலிங்காரு," என்றாள் பக்கத்து வீட்டு மேரி. "எனக்கென்னமோ சயான் பாலத்து மேல நின்னு நம்ம ஏரியாவப் பாத்த மாதிரிலா இருக்கு. தகரத்த மட்டும் காணும்."

பயமே இல்லாதவன் மாதிரிச் சிரிப்புக் காட்டலாம் என்று வாயைத் திறந்தேன். விக்கல் வந்தது.

என் விக்கலின் வரலாறு

போன வாரம் சுவிட்சர்லாந்து ரயிலில் ஏறிவிட்டுக் குழுவைப் பிளாட்பாரத்தில் விட்ட கதையை எழுதியிருந்தேன் அல்லவா? அதைப் படித்த செம்பூர் வாசகர் ஒருவர், "நீங்கள் எப்போதாவது பயப்படாமல் இருந்ததுண்டா?" என்று கேட்டிருந்தார். உண்டு ஐயா. தூங்கும்போது.

தாதரில் ஒரு சின்ன சுற்றுலாக் கம்பெனியில் நான் டூர் மேனேஜர். மாட்டுங்கா, செம்பூர் ஆட்களைக் கூட்டம் கூட்டமாக வெளிநாட்டுக்கு அழைத்துப் போய், பருப்புப் பொடி தீர்வதற்குள் திருப்பிக் கூட்டி வருவது என் பிழைப்பு. மைக்கைப் பிடித்தால் ஜோக். பஸ் பஞ்சரானால் இன்னும் பெரிய ஜோக். ஜோக்கின் அளவை வைத்தே என் பீதியின் அளவைச் சொல்லிவிடுவார், பலமுறை என்னோடு வந்திருக்கும் மாட்டுங்காவின் பாலக்காட்டு மாமா ஒருவர். "ஓய், ரொம்ப சிரிக்க வைக்கறீர். ஹோட்டல் புக் ஆகலையா?" என்பார்.

பீதியோடு பொய்யும் சேர்ந்தால் எனக்கு விக்கல் வரும். சின்ன வயதிலிருந்தே அப்படி. இந்த ரகசியம் உலகத்தில் ஒரே ஒரு ஆளுக்குத்தான் தெரியும். அந்த ஆள் அன்று இட்லித் துணியைப் பிழிந்துகொண்டிருந்தாள்.

கனியம்மாள் என் கூடப்பிறந்த அக்கா. எங்கள் பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம். நான் பிறந்தது இந்தச் சந்தில். கல்யாணமாகி நான் செம்பூருக்குப் போனேன். அக்கா கல்யாணமாகி எதிர் வீட்டுக்குப் போனாள். அத்தான் தவறியபிறகு அவளும் மகனும் அவள் இட்லியும்தான் அந்த வீடு. காலையில் அவள் வீட்டிலிருந்து கிளம்புகிற சைக்கிள்கள் விக்ரோலி வரை இட்லி கொண்டுபோகின்றன.

நம்ம சொந்தம், நம்ம சவாரி

நடந்தது இதுதான்.

மத்தேராவுக்குப் போவதற்கு முந்தின சாயங்காலம், குழுவினருக்கு ஒரு வாட்ஸப் அனுப்பினேன். மேலே சொன்ன படம். அதன் கீழே: "நாளைக்கு நாம எல்லாரும் போகப்போற இடம் இதுதான். குகை வீடுகள். ஆளுக்கு ஒரு சின்னப் பை போதும். மிச்சச் சாமான் எல்லாம் பஸ்ஸிலேயே கிடக்கட்டும். வயசானவங்க படி ஏற முடியாட்டி முன்கூட்டியே சொல்லிடுங்க."

சுற்றுலாக் குழுவுக்கு வாட்ஸப்பில் நான் வைத்த பெயர் 'நம்ம சவாரி'. குடும்பக் குழுவின் பெயர் 'நம்ம சொந்தம்'. என் கட்டைவிரல் 'நம்ம' வரைக்கும்தான் படித்தது.

தாராவியில் அப்போது வேறு காற்று அடித்துக்கொண்டிருந்தது. பழைய வீடுகளை இடித்துப் புதிதாகக் கட்டப்போகிறார்கள், அதற்கு வீடு வீடாக சர்வே நடக்கிறது. யாருக்கு அங்கேயே வீடு, யாரை எங்கே அனுப்புவார்கள் என்று ஆளுக்கொரு பேச்சு. உப்பளம் என்பான் ஒருவன். குப்பைமேட்டுப் பக்கம் என்பான் இன்னொருவன். இந்த நேரத்தில், வெளிநாடெல்லாம் போய்வருகிற, நாலும் தெரிந்த தம்பி, குகை வீட்டுப் படத்தைப் போட்டு, "ஆளுக்கு ஒரு சின்னப் பை போதும்" என்கிறான்.

அக்கா எழுத்துக் கூட்டிப் படித்தாள். சத்தமாகப் படித்தாள். சந்தே கேட்டது.

அவள் மகன் முருகேஷ் கோபர்கைரனேயில் ஒரு ஆபீஸில் வேலை பார்க்கிறான். அவனுக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. மாமா அனுப்பிய படம், பார்க்க நன்றாக இருக்கிறது என்று அவன் பாட்டுக்குக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டும் பொம்மை ஒன்றைப் பதிலாகப் போட்டுவிட்டான். சந்து அதை ஊர்ஜிதம் என்று எடுத்துக்கொண்டது. "படிச்ச பயலே சரிங்கான்" என்றார்களாம். மறுநாள் பஸ் வரவில்லை. அதற்கும் ஒரு விளக்கம் கண்டுபிடித்தார்கள்: சர்வே முடிந்த பிறகுதான் பஸ் வரும். ஆகவே சர்வேக்குக் கதவைத் திறக்காவிட்டால் பஸ்ஸும் வராது.

நான் இந்தச் சேதி எதுவும் தெரியாமல் இத்தாலியில் எலுமிச்சை சாதம் பரிமாறிக்கொண்டிருந்தேன். காலை வணக்கப் பூக்கள் தாங்க முடியாமல் குடும்பக் குழுவின் சத்தத்தை எப்போதோ அணைத்து வைத்திருந்தேன்.

மும்பை ஏர்போர்ட்டில் பெட்டிக்காக நிற்கும்போது முருகேஷ் கூப்பிட்டான். "மாமா, பூரா சந்துலயும் லஃப்டா, ஒரே கலாட்டா ஆயிடுச்சு. எல்லாம் ஒங்க ஃபோட்டோதான். நாளைக்குக் காலைல சர்வேவாலா நம்ம சந்துக்கு வர்றான். அம்மா கதவப் பூட்டிட்டு மேரி அத்தை வீட்டுல போய் உக்காந்துக்குவேன்னு சொல்லுது. பூட்டின வீட்டுக்கு நம்பர் விழாது மாமா. நம்பர் இல்லேன்னா நாளைக்கு நம்ம வீடு இருந்துச்சுன்னே எவனும் ஒத்துக்க மாட்டான்."

அக்காவுக்குப் போன் போட்டேன்.

"அக்கா, அது தப்பா வந்த மெசேஜு. ஒண்ணுமில்ல, எல்லாம் நல்லபடியா நடக்கும், நான் இருக்கேன்லா..." விக்.

"கேட்டியாட்டீ மேரி," என்று போனைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு சொன்னாள் அக்கா. "விக்குதான்."

முதல் பாதி முழு உண்மை. பின்பாதியில் இருந்த தைரியம்தான் பொய். விக்கலுக்கு அந்த நுட்பமெல்லாம் தெரியாது.

எண்ணெய் டின்மேல் ஒரு சொற்பொழிவு

அதனால்தான் விடிவதற்குள் அந்த டின்மேல் போய் உட்கார்ந்தேன். அந்த ஊர் இத்தாலியில்தான் இருக்கிறது என்று நிரூபிக்க எனக்கு ஒரே வழிதான் தெரியும். மைக் இல்லாமல் டூர் நடத்துவது.

"கக்கூஸ் அந்தக் காலத்துல கெடையாது," என்று ஆரம்பித்தேன். விக்கல் இல்லை. பெண்கள் ஒரு அடி நெருங்கி வந்தார்கள்.

இத்தாலி ஒரு காலணி மாதிரி இருக்கும், அதன் குதிகாலுக்குச் சற்று முன்னால், உள்ளங்கால் வளைவுப் பக்கம் இந்த ஊர் என்றேன். ஊருக்கு ஒரு பக்கம் ஆழமான பள்ளத்தாக்கு. அடியில் ஓர் ஆறு. கல் மிருதுவானது, உளி போட்டால் கேட்கும். ஆகவே எத்தனையோ ஆயிரம் வருஷமாக ஜனங்கள் பாறையைக் குடைந்து குடியிருந்தார்கள். குடைந்தெடுத்த கல்லாலேயே முன்பக்கம் சுவர் கட்டினார்கள். வெளியிலிருந்து பார்த்தால் வீடு, உள்ளே போனால் குகை. ஒருத்தன் கூரைதான் அடுத்தவன் தெரு.

"மேல நடக்கவன் செருப்புச் சத்தம் கேக்குமே," என்றாள் ஒருத்தி.

"நமக்குக் கேக்கலியா?" என்றாள் இன்னொருத்தி.

உச்சியில் ஒரு பெரிய தேவாலயம், உயரமான மணிக்கூண்டோடு. அதன் இரண்டு பக்கமும் சரிவில் குகை வீடுகள். பாறைக்குள்ளேயே குடைந்த கோயில்கள் ஏராளம். அவற்றின் சுவரில் மாதாவின் படம், புனிதர்கள் படம், நிறம் மங்கிப்போய்.

"மாதாவா? அங்கயுமா?" மேரியின் குரல் கொஞ்சம் இறங்கியது.

"அங்க இருந்துதான் நமக்கே."

ஊருக்குள் ஒரு கோட்டையும் உண்டு. பாதியில் நின்றுபோன கோட்டை. கட்டிய பிரபு வரிமேல் வரி போட்டான். ஒருநாள் அவன் தேவாலயத்திலிருந்து வெளியே வரும்போது ஜனங்கள் சேர்ந்து அவன் கதையை முடித்துவிட்டார்கள். அந்தத் தெருவுக்கு இன்றைக்கும் 'மீட்பு' என்று அர்த்தம் வருகிற பெயர்.

"கோட்டைய அப்புறமா யாரும் முடிக்கலியோ?" என்றாள் அக்கா. இல்லை என்றேன். "நல்லது," என்று கொப்பரையின் மூடியைப் போட்டாள்.

தண்ணீருக்கு என்ன செய்தார்கள் என்று கேட்டார்கள். இந்தச் சந்தில் அது கட்டாயக் கேள்வி. மழைத்தண்ணீர் ஒரு சொட்டு வீணாகாதபடி வாய்க்கால் வெட்டி, பாறைக்குள் தொட்டிகளில் இறக்கினார்கள். ஊரின் பெரிய சதுக்கத்துக்கு அடியில் ஒரு தொட்டி இருக்கிறது. தொட்டி என்று சொல்லக் கூடாது, கோயில் மண்டபம் மாதிரி தூண்களோடு நிற்கிறது. ஆட்கள் கொஞ்ச காலம் அதை மறந்தே போனார்கள். பிறகு திறந்து பார்த்தால் அப்படியே இருக்கிறது. அதற்குள் இறங்கியபோது மாட்டுங்கா மாமா கேட்ட ஒரே கேள்வி, "ஓய், பம்ப் எங்க வெச்சிருக்கா?"

ரொட்டியில் பெயர்

இன்னும் யாரும் முழுக்க நம்பவில்லை. கடைசி சாட்சியாகப் பையிலிருந்து ஒரு மரக்கட்டையை எடுத்தேன். சாவிக்கொத்து அளவில், மேலே பிடி, அடியில் செதுக்கிய எழுத்து.

மத்தேராவில் வீட்டுக்கு வீடு ரொட்டி சுடும் அடுப்பு கிடையாது. ஊருக்குப் பொதுவான அடுப்பு. வீட்டில் மாவு பிசைந்து கொண்டுபோய்க் கொடுப்பார்கள். எல்லாம் ஒன்றாக வெந்து வரும்போது எது யார் ரொட்டி என்று எப்படித் தெரியும்? அதற்குத்தான் இந்த அச்சு. சுடுவதற்கு முன்னால் மாவில் ஒரு அழுத்து அழுத்திவிடுவார்கள்.

நான் சொல்லி முடிக்கவே இல்லை. அக்கா சிரித்துவிட்டாள். கதவோரம் அடுக்கியிருந்த ஏனங்களைக் காலால் தொட்டுக் காட்டினாள். அந்தச் சந்தில் மாவரைக்கும் பெரிய மெஷின் ஒரே வீட்டில்தான் இருக்கிறது. ஊறின அரிசி எல்லார் வீட்டிலிருந்தும் அங்கே போய் வரிசையில் நிற்கும். ஒவ்வொரு ஏனத்தின் விளிம்பிலும் பெயர் வெட்டியிருக்கும். அக்கா ஏனத்தில் 'கனி'. மேரி ஏனத்தில் 'மே' மட்டும். வெட்டியவன் அதற்குள் டீ குடிக்கப் போய்விட்டானாம்.

"அப்பம் அது நெசமான ஊருதான்," என்றாள் மேரி. தேவாலயமும் கோட்டையும் செய்யாததை ஒரு மரக்கட்டை செய்தது.

அக்காவுக்காகத்தான் அதை வாங்கியிருந்தேன். கடைக்காரரிடம் 'க' என்ற எழுத்தைத் தாளில் வரைந்து கொடுத்தேன். அச்சில் எழுத்து திருப்பிப் போட்டால்தானே பதியும்போது நேராக வரும்? இத்தாலிக்காரருக்குத் தமிழ் எழுத்தில் எது நேர், எது திருப்பு என்று என்ன தெரியப்போகிறது? ஆகவே புத்திசாலித்தனமாக நானே திருப்பி வரைந்து கொடுத்தேன். அவர் தலைமுறை தலைமுறையாக அச்சு செதுக்குகிறவர். தொழில் முறைப்படி அதை இன்னொரு முறை திருப்பிவிட்டார்.

அக்கா பலகையில் சிந்திக் கிடந்த அரிசி மாவில் அழுத்திப் பார்த்தாள். கண்ணாடியில் பார்த்த 'க' விழுந்தது.

"ஒன்ன மாதிரியே இருக்குல," என்றாள்.

அந்த சனங்க எங்க போனாவ?

எல்லாரும் சிரித்தார்கள். கதவோரம் நின்றிருந்த முருகேஷ் நிம்மதியாகக் கடிகாரத்தைப் பார்த்தான். நான் எழுந்திருக்கப் பார்த்தேன். அப்போது அக்கா கேட்டாள்.

"சரி. இப்ப அந்தக் குகையில யாரு இருக்கா?"

இந்தக் கேள்வியைத்தான் நான் மத்தேராவிலிருந்தே சுமந்துகொண்டு வந்திருந்தேன். பஸ்ஸில் மைக் பிடித்துச் சொல்லும்போது இந்த இடத்தில் ஒரு ஜோக் போட்டுத் தாண்டிவிடுவேன். குகையில் இப்போது ஹோட்டல், ஏசி உண்டு, மாமிகள் கவலைப்பட வேண்டாம் என்று.

உண்மையைச் சொன்னால் என்ன ஆகும்? சர்வே ஆட்கள் தெருமுனைக்கு வந்துவிட்டார்கள் என்று ஒரு பையன் ஓடிவந்து சொல்லிவிட்டுப் போனான். நான் வாயைத் தவறாகத் திறந்தால் அந்தக் கதவு பூட்டப்படும். அக்காவின் வீடு கணக்கில் வராமல் போகும். காரணம் நானாக இருப்பேன்.

"அவங்களுக்கெல்லாம் சர்க்கார் புது வீடு கொடுத்துச்சு," என்றேன். "எல்லாரும் சந்தோஷமா போனாங்க." விக்.

யாரும் சிரிக்கவில்லை. அக்கா ஒரு செம்புத் தண்ணீரை என் கையில் கொடுத்தாள். "குடி. குடிச்சிட்டு ஒழுங்காச் சொல்லு."

குடித்தேன். சொன்னேன்.

ஐம்பதுகளில், அந்த ஊர் நாட்டுக்கே அவமானம் என்று தலைவர்கள் சொன்னார்கள். பொய்யில்லை. ஒரே அறையில் பெற்றோர், பிள்ளைகள், பின்னால் கழுதை, கட்டிலுக்கடியில் கோழி. ஈரம், காய்ச்சல், செத்துப்போன குழந்தைகள். சட்டம் போட்டு ஜனங்களை வெளியேற்றிப் புது வீடுகளில் குடிவைத்தார்கள். குகைகள் காலியாகி வருஷக்கணக்கில் கிடந்தன. பிறகு, உலகமே போற்ற வேண்டிய இடம் அது என்று தெரியவந்தது. இப்போது அங்கே ஒரு ராத்திரி தங்குவதற்கு வெளிநாட்டுக்காரர்கள் வரிசையில் நிற்கிறார்கள்.

எங்களுக்கு ஊரைச் சுற்றிக் காட்டிய பெண்ணின் அப்பா ஒரு குகையில் பிறந்தவர். அந்தக் குகை இப்போது ஹோட்டல் அறை. கண்ணாடி வழியாகத்தான் எங்களுக்குக் காட்டினாள். புது வீட்டுக்குப் போன முதல் நாள் அவர் குழாயைத் திறந்துவிட்டு, தண்ணீர் விழுவதைப் பார்த்துக்கொண்டு வெறுமனே நின்றாராம். அவ்வளவு சந்தோஷம். ஆனால் வேலை முடிந்ததும் தினமும் நடந்து பழைய இடத்துக்கே வந்துவிடுவாராம். பூட்டிக் கிடந்த கதவுகளுக்கு நடுவே, பொது முற்றத்தில் உட்கார்ந்துவிட்டு இருட்டும் நேரத்துக்குத் திரும்புவாராம்.

"பொது முத்தம்னா?"

"சுத்தி நாலஞ்சு குகை. நடுவுல ஒரு முத்தம், ஒரு தொட்டி. அதுக்கு ஒரு பேரு இருக்கு அக்கா. நம்ம பாஷையில வளவுன்னு சொல்லலாம்."

"ஒரே வளவு ஆளுகள ஒரே எடத்துல வெச்சானுவளா?"

"வைக்கணும்னு ஆசப்பட்டுத் திட்டமெல்லாம் போட்டாங்க. பல பேருக்கு அப்படி அமையல."

விக்கல் வரவில்லை. அக்கா என் முகத்தையே பார்த்துக்கொண்டு காத்திருந்தாள். நானும் காத்திருந்தேன். வரவே இல்லை.

முருகேஷ் தலையில் கை வைத்துக்கொண்டான். "மாமா, ஆப் பீ நா, நீங்களும் இருக்கீங்களே," என்று முணுமுணுத்தான்.

"கொழாயி வந்துச்சு. வளவு போச்சு," என்றாள் அக்கா, யாரிடமோ சொல்வது போல. கொப்பரையைத் திறந்து இட்லித் தட்டுகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து வைத்தாள். கடைசித் தட்டையும் வைத்துவிட்டு முந்தானையில் கையைத் துடைத்தாள்.

"கதவத் தொறந்தே போடுங்கட்டீ. பூட்டிக்கிட்டா ஆளே இல்லன்னு எழுதிட்டுப் போவான். ஆனா ஒருத்தியும் தனியாப் பேரு சொல்லக் கூடாது. ஒம் பேரக் கேட்டா, பக்கத்து வீட்டுக்காரி பேரையும் சேத்தே சொல்லணும்."

வாசலில்

சர்வேக்கு வந்தவன் சின்ன வயது மராட்டிப் பையன். கழுத்தில் அடையாள அட்டை, கூட ஒருவன் பெயிண்ட் டப்பாவோடு.

"மாவ்ஷி, நாவ் காய்?" என்று அக்காவிடம் பெயரைக் கேட்டான்.

"கனியம்மாள், மேரி."

அவன் விழித்தான். யாராவது ஒருத்தர் பெயர் போதும் என்றான். அக்கா மறுபடியும் இரண்டு பெயரையும் சொன்னாள். அடுத்த வீட்டில் மேரி, "மேரி, செல்வி" என்றாள். அதற்கடுத்த வீட்டில் செல்வி இன்னொரு பெயரைச் சேர்த்தாள். அவன் நெற்றியைத் துடைத்துக்கொண்டான். அவனுடைய மெஷினில் ஒரு பெயருக்குத்தான் இடம். ஒரு பெயரைத்தான் பதிந்திருப்பான். ஆனால் சந்து முழுக்க இரட்டைப் பெயரைக் கேட்டுக்கொண்டே நடந்தான். அவன் காது அதை எங்கே பதிந்துகொண்டதோ எனக்குத் தெரியாது. கிளம்பும்போது அக்கா அவனுக்கும் பெயிண்ட்காரனுக்கும் இட்லி வைத்துக் கொடுத்தாள்.

இதை எழுதுகிற இன்றைக்கும் அந்தச் சந்து அங்கேயே இருக்கிறது. யாருக்கு எங்கே, யாருக்குப் பக்கத்தில் யார் என்று ஒன்றும் முடிவாகவில்லை. எனக்கு வாரத்துக்கு ஒருமுறை பீதி வருகிறது. போன் போடுகிறேன். "வெச்சிட்டு வேலயப் பாரு," என்கிறாள்.

அன்றைக்கு அவர்கள் போனபிறகு கதவில் சிவப்பாக நம்பர் மட்டும் இருந்தது. பெயிண்ட் காயவில்லை. அக்கா உள்ளே போய் அந்த மரக்கட்டையை எடுத்துவந்தாள். நம்பரின் ஓரத்தில் வழிந்து நின்ற பெயிண்டில் தொட்டு, பக்கத்திலேயே ஒரு அழுத்து அழுத்தினாள். இடம் வலம் மாறிய 'க' ஒன்று கதவில் உட்கார்ந்தது.

எனக்கு மனசு கேட்கவில்லை. "அக்கா, திருப்பில்லா இருக்கு. வேற செஞ்சு வாங்கித் தாரேன்."

அவள் கட்டையை முந்தானையில் துடைத்துக்கொண்டே கதவைப் பார்த்தாள்.

"வெளிய நின்னு பாக்கவனுக்குத்தாம்ல திருப்பு," என்றாள். "உள்ள இருக்கவளுக்கு நேராத்தான் இருக்கும்."